அளந்த கோல் பிழைத்தது

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முன் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். அவர் நம்பத்தக்கவர்தாமா என்று அறியக் கலீஃபா அவர்கள் விரும்பியபோது, ‘இவரை நான் நன்கறிவேன்’ என்று மற்றொருவர் முன்வந்தார். நீர் அவருக்கு அண்டை வீட்டாரா, அவருடன் பயணம் செய்ததுண்டா, பொருள் கொடுத்து வாங்கிப் பழகியதுண்டா என்று அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. மூன்றுக்கும் ‘இல்லை’ என்பதே விடை. அப்படியாயின் பள்ளிவாசலில் அவர் குனிவதையும் நிமிர்வதையும் மட்டுமே நீர் பார்த்திருக்கக் கூடும், அவரை நீர் அறியமாட்டீர் என்று கூறிக் கலீஃபா அவர்கள் அந்தப் பரிந்துரையை ஏற்க மறுத்தார்கள் என ஒரு செய்தி நம் அறிஞர்களின் நூல்களில் வழங்கி வருகிறது.

ஒரே ஊரில் வாழும் மனிதரை அறிவதே இத்துணை அரிதெனில், கடல் கடந்த நாட்டின் அதிபரைக் கோப்புகளின் வழியே அறிந்துவிட்டதாகச் சொல்பவரைப் பற்றி என்ன சொல்வது? இக்கால அரசுகள் இதற்கென்றே ஒரு துறையை வளர்த்து வைத்திருக்கின்றன. வானிலிருந்து எடுத்த படங்களும், வழிமறித்துக் கேட்ட கம்பியில்லாச் செய்திகளும், விலைபோன வாய்கள் சொன்ன இரகசியங்களும் அத்துறையாரின் மேசைக்கு நாள்தோறும் வருகின்றன. பீரங்கிகளை எண்ணிவிடலாம், பாலங்களை அளந்துவிடலாம். ஆனால் அவற்றை வைத்திருப்பவர் நாளை என்ன செய்வார் என்னும் கேள்விக்குப் படங்களில் விடை இருப்பதில்லை. அந்த இடத்தில் ஆய்வாளர் தம் மனத்தையே திறந்து பார்க்கிறார். அங்கே கண்டதைப் பிறர் மனம் என்று எழுதி வைத்துவிடுகிறார்.

அவ்வாறு எழுதி வைத்ததால் விளைந்த பிழைகளுள் தலையாயது ஹிஜ்ரி 1393ஆம் ஆண்டு ரமளான் பிறை 10 அன்று, அதாவது 1973 அக்டோபர் 6ஆம் நாள் வெளிப்பட்டது. அன்று பிற்பகல் 2 மணியளவில் எகிப்தியப் படை சூயஸ் கால்வாயைக் கடந்தது. ஸிரியப் படை ஜோலான் மேட்டில் ஏறியது. மத்தியக் கிழக்கிலேயே திறன் மிக்கதென்று பெயர் பெற்றிருந்த இஸ்ரேலிய உளவுத்துறை, போர் நிகழும் வாய்ப்பு குறைவு என்று அதற்கு முந்திய நாள்தான் எழுதிக் கொடுத்திருந்தது. அவர்கள் தவறாக அளந்த மனிதர் எகிப்திய அதிபர் அன்வர் சதாத்.

சதாத்தின் அரசியலை ஏற்பவரும் உளர். கடுமையாக மறுப்பவரும் உளர். நம் மக்களிடையிலும் அந்தக் கருத்து வேறுபாடு உண்டு. அந்த வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு மனிதரை அறிவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவரை எப்படி அறியாது போயினர் என்பதே நாம் ஈண்டு ஆராய்வது.

‘ஆமாம்’ என்னும் மனிதர்

நைல் நதிக் கழிமுகத்திலுள்ள மீத் அபுல் கூம் என்னும் சிற்றூரில் 1918ஆம் ஆண்டு சதாத் பிறந்தார். 1938இல் படைப்பள்ளியில் தேறி அதிகாரியானார். ஆங்கிலேயரை எதிர்க்கும் ஆர்வத்தில் ஜெர்மானியருடன் தொடர்பு கொண்டார் என்று 1942இல் பிடிபட்டார். 1944இல் தப்பியோடி வேற்றுப் பெயரில் மறைந்து வாழ்ந்தார். வண்டிகளில் சுமை ஏற்றி இறக்கிக் கூலி பெற்றார். பின்னர் ஓர் அமைச்சரின் கொலை வழக்கில் மீண்டும் சிறை புகுந்தார். கெய்ரோ மத்தியச் சிறையின் 54ஆம் எண் அறையில் தனிமையில் கிடந்து, 1948இல் விடுதலையானார். மறைவும் பொறுமையும் பொய்ப்பெயரும் பழகிய மனிதர் அவர்.

ஆயினும் உலகம் அறிந்த சதாத் வேறு. 1952 ஜூலையில் புரட்சி நடந்த இரவில் அவர் குடும்பத்தோடு திரைப்படம் பார்க்கப் போயிருந்தார். மறுநாட் காலையில் வானொலியில் புரட்சி அறிவிப்பைப் படித்த குரல் மட்டும் அவருடையது. ஜமால் அப்துல் நாஸரின் நிழலில் 18 ஆண்டுகள் இருந்தார். எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. ‘ஆமாஞ்சாமி அதிகாரி’ என்று பொருள்படும் பட்டப்பெயர் ஒன்று அவருக்கு வழங்கிற்று. 1970 செப்டம்பர் 28 அன்று நாஸர் காலமானார். துணையதிபராக இருந்த சதாத் அந்த இடத்துக்கு வந்தபோது, இவர் இடைக்கால மனிதர், விரைவில் வேறொருவர் வருவார் என்றே வெளிநாட்டார் மதிப்பிட்டனர். தொடக்கத்தில் தாம் அவரைப் பொருட்படுத்தவில்லை என்று ஹென்றி கிஸிஞ்சரும் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

முதல் அடையாளம் விரைவிலேயே கிடைத்தது. 1971 மே மாதத்தில், தம்மைக் கவிழ்க்கக் கூடிய அலீ ஸப்ரி முதலிய வலியவர்களைச் சதாத் சில நாட்களுக்குள் பதவி நீக்கிச் சிறையில் அடைத்தார். எவரும் எதிர்பாராத வேகம் அது. அவரை அளந்தவர்கள் அந்த நிகழ்ச்சியைக் கோப்பில் குறித்துக்கொண்டார்கள். ஆனால் அவரைப் பற்றிய மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

மூடுபனி ஆண்டு

மாற்றிக்கொள்ளாததற்குச் சதாத்தே காரணம் தந்தார் என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். 1971ஐ ‘முடிவு செய்யும் ஆண்டு’ என்று அவர் முழங்கினார். போராகவோ அமைதியாகவோ அவ்வாண்டில் தீர்வு கிட்டிவிடும் என்றார். ஆண்டு முடிந்தது; ஒன்றும் நடக்கவில்லை. இந்திய–பாகிஸ்தான் போர் மூண்டு உலகின் கவனம் அங்கே திரும்பியதால் மூடுபனி சூழ்ந்துவிட்டது என்று 1972 ஜனவரியில் விளக்கம் சொன்னார். கெய்ரோவின் காப்பிக் கடைகளில் அந்த மூடுபனி நெடுநாள் நகைச்சுவையாக உலவிற்று.

1972 ஜூலையில், தம் படைக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான சோவியத் வல்லுநர்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். ஆயுதம் தரும் கையையே தட்டிவிட்டவர் எவ்வாறு போர் தொடுப்பார் என்று அளந்தவர்கள் கேட்டனர். தம்முடைய போரை வேறொருவர் தடுத்துவிடாதிருக்க வழி செய்கிறாரோ என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

அவர் அமைதிக்காக நீட்டிய கையும் இவ்வாறே மதிப்பிடப்பட்டது. 1971 பிப்ரவரியில், இஸ்ரேல் கரையிலிருந்து ஓரளவு விலகினால் கால்வாயைத் திறப்பதாகச் சொன்னார். ஐ.நா. தூதர் யாரிங்குக்கு எழுதிய விடையில், இஸ்ரேலுடன் அமைதி ஒப்பந்தம் செய்துகொள்ளவும் ஆயத்தம் என்றார். 1967 ஜூன் போருக்கு முந்திய எல்லைக்குத் திரும்பமாட்டோம் என்பது இஸ்ரேலின் மறுமொழி. 1973 பிப்ரவரியில் அவருடைய ஆலோசகர் ஹாஃபிஸ் இஸ்மாயீல் கிஸிஞ்சரை இரகசியமாகச் சந்தித்தார், பயன் விளையவில்லை. போர் என்றாலும் வாய்ச்சொல், அமைதி என்றாலும் வாய்ச்சொல் என்று ஒருவரைத் தீர்மானித்துவிட்டால், அதன்பின் அவர் சொல்லும் எதுவும் செவியில் ஏறுவதில்லை. 1973 ஏப்ரலில் ஓர் அமெரிக்க வார இதழுக்கு அளித்த பேட்டியில், மீண்டும் போரிடுவதற்கு நாடு முழுவதையும் திரட்டி வருவதாக அவர் வெளிப்படையாகவே கூறினார். இரகசியத்தைத் தேடி அலைந்தவர்கள் அச்சில் வந்த உண்மையை நம்பவில்லை.

முன்கொண்ட கருத்து

இஸ்ரேலிய இராணுவ உளவுத்துறையார் ஒரு கோட்பாட்டை வைத்திருந்தனர். ‘கொன்ஸெப்ஸியா’ என்று பின்னாளில் வசையாகவே வழங்கப்பட்ட அதனைத் தமிழில் ‘முன்கொண்ட கருத்து’ எனலாம். அதற்கு இரு கால்கள். இஸ்ரேலின் வான்தளங்களைத் தாக்கவல்ல தொலைதூர விமானங்களும் ஏவுகணைகளும் கிட்டும்வரை எகிப்து போரில் இறங்காது என்பது ஒன்று. எகிப்து இறங்காதவரை ஸிரியா தனித்து இறங்காது என்பது மற்றொன்று.

இதனை மூடர்களின் கற்பனை என்று தள்ளிவிடலாகாது. 1967இல் எகிப்திய வான்படை சில மணி நேரத்தில் தரையிலேயே அழிந்தது. அந்தப் பாடத்தை எகிப்தியத் தளபதிகள் மறந்திருக்க இயலாது. மேலும் இக்கருத்துக்கு ஆதாரமாக எகிப்திய அரசின் உள்ளறைத் தாள்களே இஸ்ரேலின் கைக்கு வந்திருந்தன. அவற்றைத் தந்தவர் நாஸரின் மருமகனும் சதாத்தின் அலுவலகத்தில் இடம் பெற்றவருமான அஷ்ரஃப் மர்வான். அவர் உண்மையில் எவர் பக்கம் நின்றார் என்னும் வழக்கு, 2007இல் இலண்டனில் மாடியிலிருந்து விழுந்து அவர் இறந்த பின்னும் ஓயவில்லை.

ஆகவே அந்தக் கருத்து பிறந்தபோது உண்மையாகவே பிறந்தது. அதன் குற்றம், உண்மை மாறிய பின்னும் தான் மாறாதிருந்ததே. 1972 அக்டோபர் இறுதியில் சதாத் தம் தளபதிகளைக் கூட்டினார். கேட்ட ஆயுதங்கள் வரும்வரை பொறுப்போம் என்றவர்களைக் கடிந்துகொண்டார். போர் அமைச்சரை நீக்கி அஹ்மத் இஸ்மாயீல் அலீயை அமர்த்தினார். கையில் இருப்பதைக் கொண்டே போரிடுவது என்று அன்று முடிவாயிற்று. கால்வாயின் கீழைக் கரையில் பத்து மில்லிமீட்டர் நிலம் கிடைத்தாலும் போதும், உலக அரங்கில் தம் நிலை உயர்ந்துவிடும் என்று அவர் சொல்லி வந்ததாகப் படைத்தலைமை அதிகாரியாக இருந்த ஸஅதுத்தீன் ஷாதலீ தம் நூலில் எழுதியிருக்கிறார்.

இங்கேதான் செய்தியின் உயிர்நாடி இருக்கிறது. சதாத்தால் வெல்ல முடியுமா என்று ஆய்வாளர்கள் கேட்டனர். முடியாது என்று விடை கண்டனர். எனவே போரிடமாட்டார் என்று முடித்தனர். முதல் இரண்டு படிகளில் பெரும் பிழை இல்லை. சினாய் முழுவதையும் வாளால் மீட்க இயலாது என்பதைச் சதாத்தும் அறிந்தேயிருந்தார். ஆனால் அவர் தேடியது போர்க்கள வெற்றியன்று. கால்வாய் மூடிக் கிடந்தது, கருவூலம் வறண்டிருந்தது, போரும் இன்றி அமைதியும் இன்றித் தேங்கிய அந்த நிலை அவர் நாட்டை மெல்லக் கொன்றுகொண்டிருந்தது. அத்தேக்கத்தை உடைக்கும் ஓர் அடி மட்டுமே அவருக்கு வேண்டியிருந்தது. தோல்வியின் விலையை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சும்மா இருப்பதன் விலையை அவர் கணக்கிட்டார்.

கண்ட அடையாளங்கள்

1973 மே மாதத்தில் எகிப்தியப் படை திரண்டபோது இஸ்ரேலியத் தளபதிகள் அஞ்சினர். சேமப்படையின் ஒரு பகுதியையும் ஆயத்தம் செய்தனர். இராணுவ உளவுத்துறைத் தலைவர் எலி ஸெய்ரா மட்டும் போர் வராது என்றார். போர் வரவில்லை. அன்று அவர் சொல் பலித்தது, அக்டோபரில் அவரை மறுப்போர் இல்லாமற் செய்தது. ஒருமுறை பலித்த சோதிடன் ஊரையே ஆளுவான் என்பது போலாயிற்று.

செப்டம்பர் 25 அன்று ஜோர்டான் மன்னர் ஹுஸைன் இரகசியமாக வந்து, ஸிரியப் படை போருக்குரிய நிலையில் நிற்கிறது என்று இஸ்ரேலியப் பிரதமர் கோல்டா மேயரிடம் எச்சரித்தார். அக்டோபர் தொடக்கத்தில் கால்வாயோரம் இதுவரை காணாத அளவில் பீரங்கிகளும் பாலக் கருவிகளும் குவிந்தன. எகிப்து இதனை இலையுதிர்காலப் பயிற்சி என்றது. தென்மண்டலப் படையின் உளவுப் பிரிவிலிருந்த ஸிமான் தோவ் என்னும் இளம் அதிகாரி, பயிற்சி என்பது போர்வை, உள்ளே இருப்பது போர் என்று அக்டோபர் 1ஆம் தேதியும் 3ஆம் தேதியும் எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி அதனை மேலே அனுப்பவில்லை. அக்டோபர் 4ஆம் தேதி இரவு, சோவியத் குடும்பங்கள் கெய்ரோவிலிருந்தும் டமாஸ்கஸிலிருந்தும் விமானமேறத் தொடங்கின.

எகிப்தியரும் பார்ப்பவர் கண்ணுக்கு ஏற்ற காட்சியை விரித்து வைத்தனர். சேமப்படையினரில் பல்லாயிரவரை வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தனர். படை அதிகாரிகள் உம்ராச் செல்ல விண்ணப்பிக்கலாம் என்று கெய்ரோ நாளேடு செய்தி வெளியிட்டது. கால்வாய்க் கரையில் சிப்பாய்கள் தலைக்கவசமின்றிக் குளித்தும் தூண்டிலிட்டும் பொழுது போக்கினர். எகிப்தியச் சிப்பாய் சோம்பேறி, நோன்பு மாதத்தில் போரிடமாட்டான் என்று நம்ப விரும்பியவருக்கு அந்தக் காட்சி இனித்தது. ரமளானில்தான் பத்ருப் போர் நடந்தது என்பதும், தம் திட்டத்துக்கு எகிப்தியர் ‘பத்ரு’ என்றே பெயரிட்டிருந்தனர் என்பதும் அவர்கள் நினைவில் எழவில்லை.

அக்டோபர் 5ஆம் தேதி எகிப்துப் பிரிவு ஒரு மதிப்பீட்டை எழுதிற்று. போருக்கான அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒளிவின்றி அடுக்கிய அதே அறிக்கை, முடிவில் எகிப்தியர் போரிடும் வாய்ப்பு குறைவு என்று தீர்ப்பளித்தது. கண் கண்டதைக் கருத்து மறுத்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அன்றிரவு இலண்டனில் மொஸாத் தலைவர் ஸ்வி ஸமீரைச் சந்தித்த மர்வான், மறுநாள் போர் என்றார்; மாலைப் பொழுதில் தொடங்கும் என்றே அது விளங்கிக்கொள்ளப்பட்டது. போரோ பிற்பகல் இரண்டு மணிக்கே வந்துவிட்டது.

கால்வாயின் கீழைக் கரையில் இஸ்ரேலியர் எழுப்பிய மணல்மதில் சில இடங்களில் 20 மீட்டர் வரை உயர்ந்திருந்தது. அதனை உடைக்க வெகுநேரம் ஆகும், அதற்குள் தம் கவசப்படை வந்து சேரும் என்று நம்பியிருந்தனர். எகிப்தியர் வெடிமருந்தை நாடவில்லை. பிரிட்டனிலும் மேற்கு ஜெர்மனியிலும் வாங்கிய விசைக்குழாய்களால் கால்வாய் நீரையே பாய்ச்சி, மணலைக் கரைத்துச் சில மணி நேரத்தில் வழிகள் திறந்தனர். அஸ்வான் அணை வேலையில் மணலை நீரால் பெயர்த்ததைக் கண்ட பாக்கி ஸக்கி யூஸுஃப் என்னும் பொறியாளர், அவர் ஒரு கிப்தியக் கிறிஸ்தவர், சொன்ன வழி அது. எதிரியின் சிப்பாய்களை எண்ணியவர்கள், அவர்களுக்குள்ளும் சிந்திக்கும் தலைகள் உண்டென்பதை எண்ணவில்லை.

போரின் போக்கு பின்னர் மாறிற்று. இஸ்ரேலியர் கால்வாயைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்தனர். எகிப்தின் மூன்றாம் படை முற்றுகையில் சிக்கிற்று. அக்டோபர் 22 அன்று ஐ.நா. போர்நிறுத்தம் கோரியது. இஸ்ரேல் 2,600க்கும் மேற்பட்ட வீரரை இழந்தது. எகிப்திய, ஸிரிய இழப்பு அதனினும் பன்மடங்கு. வெல்லமுடியாது என்ற ஆய்வாளர் கணக்கு போர்க்களத்தில் பொய்க்கவில்லை. ஆனால் சதாத் எதிர்பார்த்ததும் நடந்தது. கிஸிஞ்சர் கெய்ரோவுக்கு ஓடி வந்தார்; 1975 ஜூனில் கால்வாய் திறந்தது; 1982 ஏப்ரலில் சினாய், தாபா என்னும் சிறுபகுதி நீங்கலாக, எகிப்திடம் மீண்டது. போரின்போது அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அதன் விலை ஏறியதும் உலகையே மாற்றின. பின்னர் நம் கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குக் கப்பலேறியவர்களின் வாழ்வும் அந்த மாற்றத்தில் கட்டுண்டதே.

சாட்சியும் தீர்ப்பும்

இஸ்ரேல் அமைத்த அக்ரனாத் ஆணையம் 1974 ஏப்ரலில் இடைக்கால அறிக்கை தந்தது. ஸெய்ராவும் எகிப்துப் பிரிவுத் தலைவரும் உளவுப் பொறுப்புகளிலிருந்து விலக்கப்பட்டனர். படைத்தலைவரும் பதவி இழந்தார். சில நாட்களில் கோல்டா மேயர் விலகினார்.

அமெரிக்கரின் கதையும் வேறன்று. அவர்களுடைய வெளியுறவுத் துறை ஆய்வுப் பிரிவு, இலையுதிர் காலத்துக்குள் போர் வர வாய்ப்பு பாதிக்கு மேல் உண்டு என்று 1973 மே இறுதியில் எழுதியது. அந்தக் குரல் பின்னர் தேய்ந்துபோயிற்று. அக்டோபர் 6 காலையிற்கூட, இரு நாடுகள் கூடித் தாக்கும் என்பதற்குச் சான்றில்லை என்றே அவர்களின் கண்காணிப்புக் குழு கருதியது. ஆண்டிறுதியில் தம்மைத் தாமே விசாரித்த அவர்கள், செய்தி குறைவால் தவறவில்லை, மதிப்பீட்டிலேயே தவறினோம் என்று ஒப்புக்கொண்டனர். அரபியர் அரபியராக இருப்பதாலேயே இக்காலப் போருக்குத் தகுதியற்றவர் என்னும் எண்ணம் தம் அறிவை மறைத்தது என்பதையும் சுட்டிக் காட்டினர். இந்த ஒப்புதல் பாராட்டத்தக்கது. இகழ்ச்சி என்பது ஒழுக்கக்கேடு மட்டுமன்று. அது அறிவுக்கேடும் ஆகும். ஒருவரை இகழத் தொடங்கியவுடன் அவரைக் கூர்ந்து நோக்கவேண்டிய தேவை நமக்கு இல்லாமற் போகிறது.

ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்திருந்தால் அதனைத் தெளியலாம் என்று ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் நெறி வகுத்தார். 1973இல் மன்னர் ஒருவர், இளம் அதிகாரி ஒருவர், வானத்துப் படங்கள், விமானமேறிய குடும்பங்கள் என மூன்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் ஒத்துரைத்தன. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர்களை எத்துணை நுணுக்கமாக ஆராய்ந்தனர் என்பதை நாம் அறிவோம். ஆனால் சாட்சிகளெல்லாம் தேறிய பின்னும், தீர்ப்பளிப்பவர் முன்னதாகவே தீர்ப்பை எழுதி வைத்திருந்தால் எந்தக் கலை அங்கே உதவும்? ‘ழன்’ என்னும் ஊகத்தை ‘யகீன்’ என்னும் உறுதியின் இருக்கையில் அமர்த்திவிட்டனர்.

இக்குறை ஒரு நாட்டாருக்கோ ஒரு காலத்துக்கோ உரியதன்று. ஈரானில் புரட்சியோ புரட்சிக்கு முந்திய நிலையோ இல்லை என்று அமெரிக்க உளவுத்துறை 1978 ஆகஸ்டில் எழுதிற்று. 1979 ஜனவரியில் ஷா நாட்டைவிட்டு அகன்றார். முதியவரான மார்க்க அறிஞர் ஒருவரின் சொல்லுக்கு நகரத் தெருக்கள் அசையும் என்பது அவர்களின் கணக்கில் அடங்கவில்லை. 2003இல் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் உண்டென்று போர் தொடுத்தனர். கையிருப்பு எதுவும் கிட்டவில்லை. ஆயுதம் இல்லாதவர் கதவைத் திறந்து காட்டியிருப்பாரே என்பது அவர்கள் தர்க்கம். அண்டை நாடான ஈரான் தம்மை அஞ்சவேண்டும் என்பதற்காகவே ஸத்தாம் ஐயத்தை முற்றாகத் தீர்க்காதிருந்தார் என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரிந்தது. இம்மூன்றிலும் ஆய்வாளர்கள் பிறர் நிற்குமிடத்தில் தம்மை நிறுத்திப் பார்த்தார்கள். ஆனால் தம் கண்களையும் உடன்கொண்டு போனார்கள்.

மீண்டும் அதே மனிதர்

சதாத்தின் கதைக்குப் பின்னுரை ஒன்று உண்டு. 1977 நவம்பர் 9 அன்று, அமைதிக்காக இஸ்ரேலிய நாடாளுமன்றத்துக்கே செல்லவும் ஆயத்தம் என்று அவர் எகிப்திய மக்களவையில் அறிவித்தார். அவர் போரிடமாட்டார் என்று சொல்லிச் சூடுபட்ட இஸ்ரேலியர் இம்முறை மறுகோடிக்குச் சென்றனர். இதுவும் ஒரு சூழ்ச்சியாகலாம், எகிப்து போருக்கு ஆயத்தமாகிறது என்று படைத்தலைவர் மொர்தெகாய் குர் ஒரு நாளேட்டில் எச்சரித்தார். நவம்பர் 19 மாலை சதாத்தின் விமானம் இறங்கியது; மறுநாள் அவர் பைத்துல் முகத்தஸில் அல்அக்ஸாப் பள்ளியில் ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை தொழுதார். அவர் போரை எண்ணியபோது வீண்பேச்சு என்றார்கள். அமைதியை எண்ணியபோது போர் என்றார்கள். சென்ற தவற்றிலிருந்து அவர்கள் கற்றது அந்த மனிதரை அன்று, தம் அச்சத்தைத்தான்.

அளக்கப்பட்ட அவரும் பிறரை அளப்பதில் தவறினார் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1977 ஜனவரியில் ரொட்டி முதலிய பொருள்களின் விலையை உயர்த்தியபோது, தம் மக்கள் தெருவில் இறங்குவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இஸ்ரேலுடன் செய்த உடன்படிக்கையை அரபுலகம் எப்படி ஏற்கும் என்பதிலும் அவர் கணக்குப் பொய்த்தது. 1981 செப்டம்பரில் 1,500க்கும் மேற்பட்டோரை ஒருசேரச் சிறையிலிட்டார். எல்லாம் அடங்கிற்று என்று எண்ணினார். அக்டோபர் 6 அன்று, கால்வாய் கடந்த எட்டாம் ஆண்டு நிறைவின் அணிவகுப்பில், அவருடைய படையைச் சேர்ந்தவர்களே அணியிலிருந்து இறங்கி ஓடிவந்து அவரைச் சுட்டுக் கொன்றனர். எதிரியின் மனத்தைக் கணித்து வென்றவர், தம் வீட்டின் மனத்தை அறியாது வீழ்ந்தார்.

சதாத்தின் நெற்றியில் ஸுஜூதின் தழும்பு இருந்தது. அவரைப் படம் பிடித்த ஒவ்வொரு கருவியும் அதைக் கண்டது. அவர் குனிந்ததையும் நிமிர்ந்ததையும் உலகமே பார்த்தது. உமர் (ரலி) அவர்களின் மூன்று கேள்விகளை அவரை அளந்தவர்களிடம் எவரேனும் கேட்டிருந்தால், பிற நாட்டு அதிபருக்கு நாங்கள் அண்டை வீட்டாராக முடியுமா என்று அவர்கள் எதிர்வினவியிருப்பர். முடியாதுதான். ஆனால் ‘அறியமாட்டோம்’ என்று எழுதியிருக்க முடியும். அந்த ஒரு சொல் அறிக்கையின் முடிவில் இருந்திருந்தால், ஆள்வோர் விழித்திருப்பர். பிள்ளைகள் சிலர் வீடு திரும்பியிருப்பர்.

நாமும் நாள்தோறும் மனிதர்களை மதிப்பிடுகிறோம். மாற்றுச் சமயத்தாரை, மாற்றுக் கட்சியாரை, பக்கத்துத் தெருவாரை. நம்மிடம் விமானப்படங்கள் இல்லை என்பதைத் தவிர அந்த ஆய்வாளருக்கும் நமக்கும் வேறுபாடு மிகுதியில்லை. ஒருவரைப் பற்றித் தீர்ப்பெழுதக் கை நீளும்போது, இது அவர் மனமா, நம் மனமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நம் கடன். உள்ளங்களை முற்றும் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.